மாய உறுப்பு வலிக்கு மெய்நிகர் சிகிச்சை: அமர்வை நடத்துபவருக்கான முழுமையான வழிகாட்டி

கை போய்விட்டது. ஆனால் அதன் விரல்கள் நகம் பதிய உள்ளங்கைக்குள் இறுகிக் கிடப்பது போன்ற வலி மட்டும் போகவில்லை. முழங்காலுக்குக் கீழே கால் இல்லை, இல்லாத பெருவிரலில் ராத்திரி முழுக்க மின்சாரம் பாய்கிறது. உறுப்பு இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த வலியை அறிவார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களைப் பார்த்த மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல் 1871இலேயே இதற்குப் பெயர் வைத்து எழுதிவிட்டார். வலி கற்பனை இல்லை என்பதை நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பலர் "பைத்தியம்னு சொல்லிடுவாங்க" என்ற பயத்தில் ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்திருப்பார்கள்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களின் நடுவில் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்தார். நல்ல கையின் பிம்பத்தை, இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் காட்டுகிற எளிய ஏற்பாடு அது. தலையில் மாட்டும் திரைக் கருவியான ஹெட்செட்டில் இல்லாத உறுப்பைக் காட்டும் மெய்நிகர் சிகிச்சை அந்தப் பெட்டியின் நீட்சிதான். இங்கே வேலை செய்வது ஹெட்செட் அல்ல. நோயாளி இல்லாத உறுப்பை உண்மையிலேயே அசைக்க முயல வேண்டும், அந்த நொடியிலேயே, அந்த உறுப்பு இருப்பதாக அவர் உணரும் இடத்திலேயே, அது அசைவதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டும் பொருந்தினால்தான் சிகிச்சை. பொருந்தாவிட்டால் அவர் விலை உயர்ந்த விளையாட்டு ஒன்றை விளையாடிவிட்டுப் போகிறார், அவ்வளவே. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பொருத்தத்தைக் கொண்டுவருவதற்கானவை.

எந்த வலி என்று பிரியுங்கள்

உறுப்பு இழந்தவர்கள் சொல்லும் மூன்று அனுபவங்கள் ஒன்றாகப் பேசப்படும், ஆனால் வேறு வேறு. இல்லாத உறுப்பில் வலி இருந்தால் மாய உறுப்பு வலி. இல்லாத உறுப்பு இருப்பதாகத் தெரிகிறது, கொஞ்சம் அரிக்கிறது, வலி இல்லை என்றால் அது வெறும் மாய உணர்வு, சிகிச்சை தேவையில்லை. மீதமுள்ள பகுதியிலேயே, அதாவது ஸ்டம்பில், வலி என்றால் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்: நரம்பு முடிச்சு (வெட்டுப்பட்ட நரம்பின் முனையில் வளரும் கட்டி), சீழ், எலும்பு முனை, சரியாகப் பொருந்தாத சாக்கெட் (செயற்கை உறுப்பில் ஸ்டம்ப் நுழையும் குழி).

ஸ்டம்பை விரல் நுனியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். ஓர் இடத்தில் தட்டும்போது மட்டும் மின்சாரம் பாய்வது போல் தெறித்தால் நரம்பு முடிச்சாக இருக்கலாம். அவரை முதலில் அறுவைச் சிகிச்சை நிபுணரிடமோ வலி மருத்துவரிடமோ அனுப்புங்கள். சிவப்பு, சூடு, வீக்கம், கசிவு, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு ஹெட்செட்டை எடுக்கவே வேண்டாம். பல மாதங்கள் அடங்கியிருந்த வலி திடீரெனக் கிளம்பினாலும் முதலில் ஸ்டம்பைத்தான் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு உணர்வு மழுங்கியிருக்கும், அவர் சொல்வதை மட்டும் நம்பாமல் கண்ணால் பாருங்கள்.

வலிப்பு நோய், கடும் தலைசுற்றல், ஆறாத புண் ஆகியவை இருப்பவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே, ஹெட்செட்டிலும் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரிலும் காந்தங்கள் இருக்கக்கூடும். விபத்திலோ போரிலோ உறுப்பை இழந்து, அந்தக் காட்சி இன்னமும் துரத்துகிறவர்களுக்கு மனநல மருத்துவரும் கூட இருப்பது நல்லது. கபாபென்டின், பிரகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மாத்திரைகளை இந்தச் சிகிச்சையை நம்பி யாரும் தானாக நிறுத்தக் கூடாது.

ஒரு வாரக் குறிப்பு

முதல் அமர்வுக்கு முந்தைய 7 நாட்களுக்கு காலை, இரவு என இரண்டு வேளையும் வலியை 0 முதல் 10 வரை எண்ணில் குறிக்கச் சொல்லுங்கள். எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, தூக்கத்தைக் கெடுத்ததா என்பதும் வேண்டும். இந்த வாரத்தை விட்டுவிட்டால் பிறகு பலன் இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வலி தானாகவே ஏறி இறங்குவது.

அதோடு ஒரு படம். மாயக் கை இப்போது எப்படி இருக்கிறது என்று நல்ல கையால் காட்டச் சொல்லி ஃபோனில் எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு மடங்கியிருக்கிறதா, எந்த விரல் எதன் மேல் ஏறியிருக்கிறது, முழு நீளத்தில் இருக்கிறதா, அல்லது உள்ளங்கை சுருங்கி முழங்கையிலேயே ஒட்டிக்கொண்டதா? கடைசிக் கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள். மாய உறுப்பு சுருங்கி ஸ்டம்புக்குள் போனவர்களுக்குக் கண்ணாடிச் சிகிச்சை குறைவாகவே பலன் தந்தது என்று ஜெர்மனியின் மான்ஹைம் ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். மெய்நிகர் முறை கண்ணாடியைவிட உருப்படியாக உதவக்கூடிய இடம் இது. கண்ணாடி பிம்பத்தின் நீளத்தை மாற்ற முடியாது, மெய்நிகர் கையின் நீளத்தை மாற்றலாம்.

மூன்று வழிகள்

முதலாவது, நல்ல கையின் அசைவைப் பிரதியெடுத்து மறுபக்கம் காட்டுவது. மலிவு, ஹெட்செட் மட்டும் போதும். இரண்டு கையும் இழந்தவர்களுக்குப் பயன்படாது.

இரண்டாவது, அசைவைப் பதியும் சிறு கருவியான டிராக்கரை ஸ்டம்பில் கட்டி, அதன் அசைவால் முழு உறுப்பையும் இயக்குவது. காலுக்கு இது பொருத்தம்.

மூன்றாவது, ஸ்டம்பில் மிஞ்சியிருக்கும் தசைகளின் மின் சமிக்ஞையை, அதாவது ஈ.எம்.ஜி.யைப் படித்து, நோயாளி என்ன அசைவுக்கு முயல்கிறார் என்று கணினி ஊகித்து மெய்நிகர் கையை இயக்குவது. ஸ்வீடன் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ் ஓர்டிஸ்-கட்டலான் குழு 2016இல் லான்செட் இதழில் வெளியிட்டது இதைத்தான். வேறு சிகிச்சைகள் பலிக்காத, கை இழந்த 14 பேருக்கு 12 அமர்வுகள் கொடுத்தார்கள். அவர்கள் சொன்ன வலி எண் சராசரியாக 32 சதவீதம் குறைந்தது, 6 மாதம் கழித்தும் முன்னேற்றம் நீடித்தது. ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கண்ணாடியையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். வாஷிங்டன் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், தினம் 15 நிமிடம் வீதம் 4 வாரம் கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடி வைத்துச் செய்த 6 பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் முயற்சியோடு பார்வையும் சேர வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மெய்நிகர் முறை கண்ணாடியைவிட மேல் என்று உறுதியாக நிறுவப்படவில்லை. கையிலோ காலிலோ ஒன்று நன்றாக இருந்து, மாய உறுப்பு முழு நீளத்தில் இருந்தால் முதல் 4 வாரம் கண்ணாடியிலேயே தொடங்குங்கள். அது பலிக்காதவர்கள், சுருங்கிய உறுப்பு உள்ளவர்கள், இரு பக்கமும் இழந்தவர்கள் ஆகியோருக்குத்தான் ஹெட்செட்டின் செலவு நியாயமாகிறது.

கருவியும் அறையும்

கணினி இல்லாமலே ஓடும், கேமராவால் விரலைப் படிக்கும் ஹெட்செட் போதும். மெட்டா குவெஸ்ட் 3 சுமார் 515 கிராம், கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை 58 முதல் 71 மில்லிமீட்டர் வரை சக்கரம் திருப்பி வைக்கலாம். 3எஸ் மாடலில் 58, 63, 68 என மூன்றே நிலைகள். இந்தத் தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, நோயாளியின் அட்டையில் எழுதிவிடுங்கள். தப்பாக இருந்தால் கண் வலியும் தலைவலியும் வரும், நோயாளி சிகிச்சை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடுவார்.

கை வைத்த, சக்கரமில்லாத நாற்காலி. சக்கர நாற்காலி என்றால் இரு பிரேக்கும் போட்டிருக்க வேண்டும். சுற்றிலும் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக் கூடாது. கால் இழந்தவரை ஹெட்செட்டோடு நிற்க வைக்காதீர்கள், கால் இருப்பதாக நம்பி அடி எடுத்து வைத்துவிடுவார். அறை வெளிச்சம் டியூப்லைட் அளவுக்குச் சீராக வேண்டும், மங்கலில் கேமரா விரலைத் தவறவிடும். நேர் வெயில் லென்சில் விழுந்தால் திரையே எரிந்துபோகும். சுவரில் பெரிய கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடுங்கள். நோயாளி முழுக்கைச் சட்டை போட்டிருந்தால் மணிக்கட்டு தெரிய மடித்துவிடுங்கள்.

முகத்தில் படும் உறைக்கு சிலிகான் கவர் போட்டு, ஒவ்வொருவருக்கும் பிறகு ஆல்கஹால் துணியால் துடைக்கலாம். லென்சை மட்டும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால்தான். ஆல்கஹால் பட்டால் பூச்சு போய்விடும். நம் ஊர் புழுக்கத்தில் 10 நிமிடத்தில் லென்ஸ் பனிக்கும், மின்விசிறி முகத்துக்கு நேராக ஓடட்டும்.

படத்தை உடம்போடு பொருத்துதல்

நேரம் போக வேண்டியது இங்கேதான். முதல் அமர்வில் பாதி இதற்கே போனாலும் சரி.

மென்பொருளைச் செய்து தருபவருக்கு முதலில் ஒரு சொல். பிரதிபலிப்புக்கான நடுக்கோடு நோயாளியின் மார்பின் நடுவில் இருக்க வேண்டும், தலையில் அல்ல. தலையின் திசையை வைத்துக் கணக்கிட்டால், அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் மாயக் கை காற்றில் வழுக்கிக்கொண்டு போகும். நாற்காலியில் நேராக உட்காரவைத்து, நேரே பார்க்கச் சொல்லி, பொத்தானை அழுத்தி நடுக்கோட்டைப் பதித்துவிட்டால் போதும். அவர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தால் மறுபடி பதிக்க வேண்டும். யூனிட்டி மென்பொருளில் எழுதுகிறவர் இடப்புள்ளியில் எக்ஸின் குறியையும், சுழற்சி க்வாட்டர்னியனில் ஒய், இசட் இரண்டின் குறியையும் மாற்றினால் பிரதிபலிப்பு சரியாக வரும். அப்படியும் விரல்கள் பின்பக்கமாக மடங்கினால், இடக்கை மாடலிலும் வலக்கை மாடலிலும் எலும்பு அச்சுகளின் திசை வேறாக இருக்கிறது என்று பொருள். ஒரு நோயாளியிடம் காட்டும் முன் இதை நீங்களே போட்டுப் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும். பின்பக்கம் முறிந்து நிற்கும் விரலைத் தன் கையில் பார்ப்பது அவருக்கு வலியையே கிளப்பிவிடும்.

அசைவுக்கும் படத்துக்கும் இடையிலான தாமதம் 100 மில்லிவிநாடிக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போகப் போக 'என் கை' என்ற உணர்வு கழன்றுவிடும். காஸ்டிங் செய்து, அதாவது ஹெட்செட் காட்சியை வெளியே அனுப்பி, கணினித் திரையில் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள், காஸ்டிங்கே தனித் தாமதம் சேர்க்கும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு விரலைச் சொடுக்கிப் பாருங்கள்.

பிறகு நோயாளியோடு இந்த வரிசை. தோல் நிறத்தையும் கையின் பருமனையும் நல்ல கைக்கு ஒத்துவரும்படி வையுங்கள், வெளிறிய பொம்மைக் கை நம்மவர்களுக்கு அந்நியமாகவே நிற்கும். அடுத்து, ஸ்டம்பின் முனையை நீங்கள் விரலால் தொட்டு, "ஐயா, நான் தொடுற இடத்துக்கு நேரா அங்க கை தெரியுதா?" என்று கேளுங்கள். தள்ளியிருந்தால் நகர்த்துங்கள். கடைசியாக மாயக் கை உணரப்படும் நிலைக்கு மெய்நிகர் கையைக் கொண்டுவாருங்கள். கை முழங்கையருகே சுருங்கியிருந்தால் மெய்நிகர் கையையும் அங்கேயே தொடங்கி, "இப்ப பொருந்துது" என்று அவர் சொன்ன பிறகு அமர்வுக்கு 2, 3 சென்டிமீட்டராக நீட்டுங்கள். வலி ஏறினால் முந்தைய நீளத்துக்குத் திரும்புங்கள். எடுத்த எடுப்பில் முழு நீளக் கையைக் காட்டி, 'என் கை அங்கே இல்லையே' என்று அவர் மிரள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

முதல் அமர்வு

10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் 2 நிமிடம் எதுவும் செய்யச் சொல்லாமல் பார்க்க விடுங்கள். போன கையை மறுபடி பார்க்கும்போது சிலர் அழுவார்கள். வால்டர் ரீட் ஆய்விலும் இருவருக்கு இப்படிச் சோகம் பொங்கியது. அவசரப்படுத்தாமல் காத்திருங்கள், கழற்ற வேண்டும் என்றால் உடனே கழற்றுங்கள். வீட்டு ஆள் ஒருவர் அறையில் இருக்கட்டும், ஆனால் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்து நான்கு அசைவுகள்: விரல் மடக்கி விரித்தல், உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புதல், மணிக்கட்டை மடக்கி நிமிர்த்தல், பெருவிரலால் மற்ற விரல்களைத் தொடுதல். ஒவ்வொன்றும் 10 முறை, ஒரு முறைக்கு 4 நொடி. சொல்லும் வார்த்தை முக்கியம். "நல்ல கைய அசைங்க" என்றால் அவர் நல்ல கையை மட்டுமே அசைப்பார். "ரெண்டு கையையும் சேர்த்து மெதுவா மடக்குங்க, இல்லாத கையையும் சேர்த்துத்தான்" என்று சொல்லுங்கள். உங்கள் கை ஸ்டம்பின் மேல் லேசாக இருக்கட்டும். மாயக் கையை அவர் உண்மையில் முயன்றால் ஸ்டம்பின் தசை உங்கள் விரலடியில் இறுகித் தளர்வது தெரியும். இறுகவில்லை என்றால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சிகிச்சை தொடங்கவில்லை. நல்ல கை நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகும் வேலைகளைத் தவிருங்கள், இரு கைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும்.

இறுகிய கையைத் திறப்பது

மாயக் கை முஷ்டியாக இறுகிக் கிடப்பவரிடம் விரிந்த கையைக் காட்டி "திறங்க" என்று சொன்னால் வலி கூடவே செய்யும். எதிர்த்திசையில் தொடங்க வேண்டும். நல்ல கையை மாயக் கை எப்படி இருக்கிறதோ அப்படியே, பெருவிரல் உள்ளே என்றால் உள்ளே வைத்து, மூடச் சொல்லுங்கள். இப்போது கண்ணில் தெரியும் முஷ்டியும் உணரும் முஷ்டியும் ஒன்று. ஒரு நிமிடம் அப்படியே இருக்கட்டும். பிறகு இரு கைகளையும் இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்லி, 3 நொடி கழித்து விடச் சொல்லுங்கள். இப்படி 5 முறை. இறுக்கம் தன் பிடியில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் திறப்பு: மூச்சை விட்டுக்கொண்டே சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக, ஒன்றுக்கு 5 நொடி. எந்த விரலில் மாயக் கை பின்தங்குகிறதோ அங்கே நிறுத்தி, அந்த விரல் வந்து சேரும்வரை நல்ல கையும் காத்திருக்க வேண்டும். பெருவிரல் அன்றைக்குத் திறக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

கால் இழந்தவர்களுக்கு

ஹெட்செட் கேமராவால் காலைப் படிக்க முடியாது. நல்ல பாதத்தில் ஒன்று, ஸ்டம்பில் ஒன்று எனக் குறைந்தது இரண்டு சென்சார் வேண்டும். வைவ் டிராக்கர் 3.0 தலா 75 கிராம், துல்லியம், ஆனால் அறையில் பொருத்தும் பேஸ் ஸ்டேஷனும் கணினியும் கேட்கும். இதைவிட மலிவான அசைவு சென்சார்கள் சில நிமிடத்தில் திசை நழுவும். கால் மெல்லப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே போவதாகத் தோன்றினால் அதுதான் காரணம், 3 நிமிடத்துக்கு ஒருமுறை நேராக்குங்கள். காந்தமானி உள்ள சென்சாரை இரும்புச் சட்ட நாற்காலிக்கு அருகில் நம்ப முடியாது, மர நாற்காலி போடுங்கள்.

தொடையும் முழங்காலும் ஸ்டம்பின் சென்சாரில் இருந்தும், பாதமும் விரலும் நல்ல காலில் இருந்தும் இயங்கட்டும். கால் நீட்டி மடக்குதல், பாதம் மேலே கீழே, விரல்களைச் சுருட்டி விரித்தல். உருளும் பந்தை உதைக்கும் பயிற்சி எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் கடைசி 5 நிமிடத்துக்கு வையுங்கள்.

ஈ.எம்.ஜி. வழி

ஸ்டம்பை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிடுங்கள். ஒருமுறை ஒட்டும் எலெக்ட்ரோடுகளைத் தசை நாரின் திசையில், நடுவுக்கு நடு 2 சென்டிமீட்டர் இடைவெளியில் ஜோடியாக ஒட்டி, ஒப்பீட்டுக்கான ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடை எலும்பு மேடான இடத்தில் வையுங்கள். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டால் மின் இணைப்பிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெருமளவு குறையும். கணினிக்குப் பழக்க, ஒவ்வோர் அசைவும் 3 நொடி முயற்சி, 3 நொடி ஓய்வு என 3 முறை. முழுப் பலத்தோடு வேண்டாம், பாதிக்குச் சற்று மேல் போதும், இல்லாவிட்டால் ஸ்டம்ப் பிடித்துக்கொள்ளும். கை மூடித் திறப்பதில் மட்டும் தொடங்கி, அது பிசகாமல் வந்த பிறகு மணிக்கட்டைச் சேருங்கள். நடுவில் கணினி தப்பாக ஊகிக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் வியர்வை அல்லது களைப்பு. துடைத்து, 5 நிமிடம் ஓய்வு கொடுத்து, மறுபடி பழக்குங்கள். சால்மர்ஸ் குழுவின் பயோபேட்ரெக் திறமூல மென்பொருளாகவே கிடைக்கிறது, ஆனால் அதை ஓட்ட மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் தெரிந்த ஒருவர் கூட வேண்டும்.

பலன் உண்மையா என்று பார்ப்பது

அமர்வுக்கு முன், முடிந்ததும், ஒரு மணி நேரம் கழித்து, மறுநாள் காலை என நான்கு முறை வலி எண் வாங்குங்கள். ஹெட்செட் போட்டிருக்கும்போது குறைந்து, கழற்றிய 10 நிமிடத்தில் பழையபடி ஏறினால் அது வெறும் கவனத் திருப்பம். அது கெட்டதில்லை, ஆனால் நாம் தேடியது அது இல்லை. விளையாட்டைக் குறைத்து, மெதுவான அசைவுகளைக் கூட்டி, பொருத்தத்தை மறுபடி சரிபாருங்கள்.

முதல் சில அமர்வுகளில் வலி கொஞ்சம் கூடலாம். 2 புள்ளிக்கு மேல் ஏறி மறுநாளும் இறங்கவில்லை என்றால் நேரத்தைப் பாதியாக்குங்கள், அல்லது ஒரு வாரம் அசைவில்லாமல் கையைப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். குமட்டல் வந்தால் உடனே கழற்ற வேண்டும், சமாளிக்கச் சொல்லக் கூடாது. காட்சி நகராமல் நோயாளி நிலையாக உட்கார்ந்திருக்கும் மென்பொருளில் இது அரிதாகவே வரும்.

10 நிமிடம் ஒத்துக்கொண்ட பிறகு 20 நிமிடம், வாரம் 3 முதல் 5 நாள், 4 வாரம். 0 முதல் 10 வரையான அளவில் 2 புள்ளி அல்லது 30 சதவீதம் குறைந்தால்தான் அதை உருப்படியான குறைவு என்று வலி ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். முதல் அமர்வுக்கு முந்தைய வாரக் குறிப்போடு நான்காம் வாரத்தை ஒப்பிட்டு முடிவெடுங்கள். 12 அமர்வு ஒழுங்காக முடிந்தும் வலியில் மாற்றமே இல்லை என்றால் வேறு வழிக்கு மாற்றுங்கள், வலி மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள். நோயாளி சரியாக முயலவில்லை என்ற பழியை மட்டும் அவர் மேல் போட்டுவிடாதீர்கள்.

வலி குறைந்தவர்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடாது. கைக்கு 45க்கு 60 சென்டிமீட்டர், காலுக்கு 40க்கு 120 சென்டிமீட்டர் அளவில், விளிம்பு தேய்த்த கண்ணாடி ஒன்றைப் பலகையில் பொருத்திக் கொடுத்து, ஹெட்செட்டில் பழகிய அதே அசைவுகளைத் தினம் 15 நிமிடம் செய்யச் சொல்லுங்கள். மாய உறுப்பின் நீளம் இயல்புக்கு வராதவர்களும் இரு பக்கமும் இழந்தவர்களும் கண்ணை மூடி மனதுக்குள் அசைத்துப் பழகலாம், அவர்களை மாதம் ஒருமுறையாவது ஹெட்செட்டுக்கு அழையுங்கள். 1, 3, 6 மாதங்களில் மறுபடி ஒரு வாரக் குறிப்பு வாங்குங்கள். புதிய செயற்கைக் கால் மாட்டிய வாரத்தில் வலி திரும்பியிருந்தால், எதையும் தொடங்கும் முன் சாக்கெட்டைக் கழற்றி ஸ்டம்பைப் பாருங்கள்.